அந்தமானில் விவாகரத்து: வழக்குரைஞர் கட்டணத்தை விஞ்சும் கடல் தூரம்

புது தில்லி: அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வாழும் தமிழர் ஒருவரின் மணவாழ்வு முறிந்துபோனால், உள்ளூரில் நல்ல வழக்குரைஞர் ஒருவரைக் கண்டுபிடிப்பதோடு அவரது அலைச்சல் முடிந்துவிடுவதில்லை. வழக்கு தொடங்குவது ஸ்ரீ விஜயபுரத்தில். மேல்முறையீடு கொல்கத்தா உயர் நீதிமன்றத்தின் அதிகார வரம்புக்குள். கணவன் தீவிலும் மனைவி தமிழகத்திலும் இருந்து, வழக்கை இடம் மாற்றவேண்டும் என்றால் தில்லியில் உச்ச நீதிமன்றத்தின் படியேற வேண்டும். இந்த வரிசையில் வழக்குரைஞரின் கட்டணம் ஓர் இனம் மட்டுமே. பெருஞ்செலவு கடலைக் கடப்பதில்தான் இருக்கிறது.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் வாழ்வோர் 3,80,581 பேர். அவர்களுள் சுமார் 15 சதவீதத்தினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். வங்கம், இந்திக்கு அடுத்த இடம் தமிழுக்குத்தான். கூலி வேலைக்கும் வணிகத்துக்கும் அரசுப் பணிக்கும் சென்றவர்களோடு, 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தை அடுத்து இலங்கையிலிருந்து திரும்பி, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்களும் இவர்களுள் உண்டு. தலைமுறைகள் கடந்தும் சொந்த ஊர் உறவு அறுபடாத குடும்பங்களில் பெண் எடுப்பதும் கொடுப்பதும் தமிழகத்தோடுதான். மணம் முடிந்து தீவுக்குச் செல்லும் பெண், உறவு கசந்தால் திரும்பி வருவது தாய்வீட்டுக்கு. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

எந்த நீதிமன்றம்?: பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில்தான் குடும்ப நீதிமன்றம் கட்டாயம் என்கிறது 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம். ஏனைய இடங்கள் அரசின் விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளன. ஒட்டுமொத்த யூனியன் பிரதேசமுமே நான்கு லட்சத்தைத் தொடாத நிலையில் அந்தக் கட்டாயம் அந்தமானுக்குப் பொருந்தாது. எனவே இந்து திருமணச் சட்டப்படியான மனுவை மாவட்ட நீதிமன்றமே விசாரிக்க வேண்டும். அது அமர்ந்திருப்பது, 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என்று வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்தில்.

வரைபடத்தில் ஒரு புள்ளியாகத் தெரியும் இந்த ஊரை அடைவதே வடக்கிலும் தெற்கிலும் உள்ளவர்களுக்குப் பெரும்பாடு. வட அந்தமானின் திக்லிபூரிலிருந்து சாலைவழி சுமார் 300 கிலோமீட்டர். இடையில் ஜாரவா பழங்குடியினர் காப்புப் பகுதியில் வாகனங்கள் குறித்த நேரங்களில் அணியாகவே செல்ல அனுமதி உண்டு. காலை வாய்தாவுக்கு முந்தைய நாளே புறப்பட்டாக வேண்டும். கிரேட் நிக்கோபாரின் காம்ப்பெல் பேயோ கடலில் 500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. கப்பல் கிடைத்தால்தான் பயணம். மழைக்காலத்தில் அதுவும் உறுதியில்லை. வாய்தா அன்று எதிர்த்தரப்பு அவகாசம் கேட்டுவிட்டால் ஒரு வாரக் கூலியும் பயணச் செலவும் கடலோடு போயிற்று. விவாகரத்து மனுவுக்கான நீதிமன்றக் கட்டணம், சொத்து வழக்குகளைப் போல் மதிப்பின் மேல் கணக்கிடப்படுவதில்லை; அது சொற்பமே. ஆனால் ஒத்திவைப்புகளின் செலவை எந்தக் கட்டண அட்டவணையும் காட்டாது.

மனைவி தமிழகத்தில் இருந்தால் கணக்கு இன்னும் மாறுகிறது. திருமணம் நடந்த இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் ஆகியவற்றில் ஒன்றில் மனுத் தாக்கல் செய்யலாம் என்பது இந்து திருமணச் சட்டத்தின் 19-வது பிரிவு. 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் இதில் ஒரு முக்கியமான சலுகையைச் சேர்த்தது: மனுதாரர் மனைவியாக இருந்தால், அவர் தற்போது வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். ஆக, தீவிலிருந்து பரமக்குடிக்குத் திரும்பிய ஒரு பெண் கடல் தாண்டிச் சென்று வழக்குரைஞரைத் தேட வேண்டியதே இல்லை. அவருடைய 'உள்ளூர்' வழக்குரைஞர் ராமநாதபுரம் மாவட்டத்திலேயே இருக்கிறார். 20 ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த ஒரு வரித் திருத்தம் பலருக்குத் தெரியாமல் இருப்பது வருந்தத்தக்கது.

ஆனால், கணவர் முந்திக்கொண்டு தீவில் வழக்குப் போட்டுவிட்டால்? இருவரும் கடைசியாக அங்கே சேர்ந்து வாழ்ந்திருந்தால் அந்த மனு செல்லும். (மனைவி ஒருபோதும் தீவில் வாழ்ந்ததில்லை, திருமணமும் தமிழகத்தில் நடந்தது என்றால் செல்லாது, முதல் எதிர்ப்பே அதுவாக இருக்க வேண்டும்.) அதன்பின் மனைவி தமிழகத்தில் தனி மனு போட்டாலும், இரண்டு மனுக்களும் வெவ்வேறு நீதிமன்றங்களில் இருக்கும்போது, பிந்தையது முந்தையது இருக்கும் இடத்துக்குச் செல்ல வேண்டும் என்பதே 21-ஏ பிரிவின் பொதுவிதி. யார் முந்துகிறார் என்பது இங்கே வெறும் சம்பிரதாயமல்ல.

தில்லி வழி: இதிலிருந்து விடுபட ஒரே வழி, வழக்கை இடம் மாற்றக் கோருவது. ஒரே உயர் நீதிமன்றத்தின் கீழ் வரும் ஊர்களுக்கு இடையே என்றால், மாற்றும் அதிகாரம் அந்த உயர் நீதிமன்றத்துக்கு உண்டு. திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு மாற்றக் கோருபவர் சென்னை உயர் நீதிமன்றத்தோடு நின்றுவிடலாம். அந்தமான் அப்படியல்ல. 1953-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றால் இத்தீவுகள் கொல்கத்தா உயர் நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குள் கொண்டுவரப்பட்டன. அதன் சர்க்யூட் அமர்வுக்கு நீதிபதிகள் கொல்கத்தாவிலிருந்து முறைவைத்து வருகின்றனர். தமிழகம் வேறு உயர் நீதிமன்றத்தின் கீழ். எனவே சிவில் நடைமுறைச் சட்டத்தின் 25-வது பிரிவின்படி உச்ச நீதிமன்றம் மட்டுமே இந்த வழக்கை மாற்ற முடியும். 1981-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்திவிட்டது.

சென்னையிலிருந்து இரண்டு மணி நேர விமானத் தொலைவில் உள்ள ஓர் ஊரின் குடும்ப வழக்கை மாற்றுவதற்குத் தில்லி வரவேண்டியிருப்பதைத் தற்செயலான விசித்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. உச்ச நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்ய, அந்த நீதிமன்றத்தின் தேர்வில் வென்று பதிவு பெற்ற 'அட்வகேட் ஆன் ரெக்கார்டு' ஒருவர் தேவை. விதிப்படி அவரது அலுவலகம் நீதிமன்றத்திலிருந்து 16 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் தில்லியில் இருக்க வேண்டும். வாதிடுவதற்கு வேறொரு வழக்குரைஞரை அமர்த்தினால் அது தனிச் செலவு. ஆக, ஒரே மணமுறிவுக்கு ஊரில் ஒருவர், தீவில் ஒருவர், தில்லியில் ஒருவர் என மூன்று வழக்குரைஞர்கள்.

இத்தகைய மனுக்கள் அரிதும் அல்ல. 2022 நவம்பரில் அன்றைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், மணவழக்குகளை இடம் மாற்றக் கோரும் சுமார் 3,000 மனுக்கள் உச்ச நீதிமன்றத்தில் தேங்கியிருப்பதாகக் குறிப்பிட்டு, ஒவ்வோர் அமர்வும் நாள்தோறும் இத்தகைய பத்து மனுக்களை எடுத்துக்கொள்ளும் என அறிவித்தார். அதற்கு முன்பே, இவற்றைத் தனி நீதிபதியே விசாரிக்கலாம் என 2019-இல் விதி திருத்தப்பட்டது. பொதுவாக மனைவியின் வசதிக்கே முன்னுரிமை தரப்படுகிறது. 2022 ஜூலையில் தமிழக வழக்கு ஒன்றிலும் உச்ச நீதிமன்றம் அதை வலியுறுத்தியது. ஆயினும், இந்தப் பரிவு தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று 2000-களின் நடுவில் அதே நீதிமன்றம் சலித்துக்கொண்டதும் உண்டு. எனவே சிறு குழந்தை, வருமானமின்மை, துணைக்கு ஆளில்லாமை, பயணத் தொலைவு ஆகியவற்றை மனுவில் ஆவணங்களோடு காட்ட வேண்டும். கப்பலில் சென்னையிலிருந்து ஏறத்தாழ மூன்று நாள் பயணம் என்பதை நீதிபதிக்கு எடுத்துச் சொல்லாத மனு, பாதி வாதத்தைக் கைவிட்ட மனு.

வழக்குரைஞரைத் தேடுவது: இனி, வழக்கு தீவிலேயே நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல வழக்குரைஞரை எப்படிக் கண்டறிவது? மருத்துவரையோ தச்சரையோ தேடுவதுபோல் விளம்பரத்தைப் பார்த்துத் தேட இந்தியாவில் வழியில்லை. தொழிலுக்கு ஆள் பிடிப்பதையும் விளம்பரம் செய்வதையும் இந்திய பார் கவுன்சிலின் 36-வது விதி தடை செய்கிறது. 2008-இல் கொண்டுவந்த திருத்தம், பெயர், முகவரி, பதிவு எண், கல்வித் தகுதி, தொழில்புரியும் துறை ஆகியவற்றை மட்டும் இணையதளத்தில் வெளியிட இடம் தந்தது. வழக்குரைஞர்களை விலைப்பட்டியலோடும் தரமதிப்பீட்டோடும் காட்டிய இணைய நிறுவனங்களுக்கு எதிராக 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையான உத்தரவிட்டது. நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அடங்கிய அமர்வு, சட்டத் தொழில் சந்தைச் சரக்கல்ல என்ற நோக்கில் பார் கவுன்சிலை நடவடிக்கை எடுக்கப் பணித்தது.

தொழிலின் மாண்பு என்ற வகையில் இது சரியே. ஆனால் விளம்பரத்தை மூடிய விதி, அந்த இடத்தில் வேறெந்த நம்பகமான தகவலையும் வைக்கவில்லை. விளைவு, தீவில் ஒருவர் வழக்குரைஞரைப் பிடிப்பது வாய்ச்சொல்லால்தான்: சங்கத்தில் ஒருவர், கடைத்தெருவில் ஒருவர், நீதிமன்ற வாசலில் குமாஸ்தா ஒருவர். சிறிய ஊரில் இதற்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. கேட்டறியச் சென்ற வழக்குரைஞரே மறுதரப்பின் உறவினராகவோ நண்பராகவோ இருக்கலாம். ஒரு விஷயத்தில் ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவர் அதே விஷயத்தில் எதிர்த்தரப்புக்கு வாதாடக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. முதல் சந்திப்பிலேயே 'மறுதரப்பு உங்களை அணுகியதா?' என்று கேட்பதில் தவறே இல்லை.

அந்தமான் வழக்குரைஞர்களுக்குத் தனி பார் கவுன்சில் கிடையாது. வழக்குரைஞர்கள் சட்டத்தின்படி அவர்கள் மேற்கு வங்க பார் கவுன்சிலின் கீழ் வருகின்றனர். பதிவு எண்ணைச் சரிபார்ப்பதும், தொழில் ஒழுங்கீனம் குறித்து 35-வது பிரிவின்படி புகார் செய்வதும் அங்கேதான். ஆனால் தமிழக பார் கவுன்சிலில் பதிவு செய்த ஒருவரும் தீவில் வாதாடலாம். நாடு முழுவதும் தொழில்புரியும் உரிமையைத் தரும் 30-வது பிரிவு, சட்டம் இயற்றி அரை நூற்றாண்டு கழித்து 2011 ஜூனில்தான் நடைமுறைக்கு வந்தது என்பது வேறு கதை. தமிழ் தெரிந்த வழக்குரைஞர் வேண்டும் என்று சென்னையிலிருந்து ஒருவரை அழைத்துச் செல்வோர், ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவரது விமானக் கட்டணத்தையும் தங்கும் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். தீவுகளின் ஆட்சிமொழிகள் இந்தியும் ஆங்கிலமும். தமிழில் உள்ள திருமண அழைப்பிதழ், கடிதங்கள், செல்பேசிக் குறுஞ்செய்திகள் எல்லாம் மொழிபெயர்க்கப்பட வேண்டும்.

திருமணச் சான்று பற்றியும் ஒரு சொல். 1967-இல் அண்ணா ஆட்சிக் காலத்தில் இந்து திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 7-ஏ பிரிவு, சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு தந்தது. ஆனால் அது தமிழகத்துக்கும் பின்னர் புதுச்சேரிக்கும் உரியது. அந்தமானில் அதே முறையில் நடந்த திருமணம் பதிவு செய்யப்படாமல் இருந்தால், விவாகரத்துக்கு முன்னதாகத் திருமணத்தையே நிரூபிக்கும் சுமை வரக்கூடும். நிக்கோபாரிப் பழங்குடியினருக்கு இந்து திருமணச் சட்டம் பொருந்தாது. கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டமும் 2001-ஆம் ஆண்டு அதன் திருத்தமும், பதிவுத் திருமணங்களுக்கு 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமும் உண்டு.

கட்டணம் எவ்வளவு?: இதற்கு ஒரே எண்ணில் விடை தருவோரை நம்பக் கூடாது. விவாகரத்து வழக்கில் கட்சிக்காரர் தம் வழக்குரைஞருக்குத் தரவேண்டிய தொகைக்குச் சட்டத்தில் உச்ச வரம்பு இல்லை. வழக்கின் தன்மைக்கும் தம் தொழில் நிலைக்கும் ஏற்ற கட்டணம் பெறலாம் என்று பார் கவுன்சில் விதி கூறுகிறது. ஆனால் சில எல்லைகள் திட்டவட்டமானவை. வென்றால் இவ்வளவு, கிடைக்கும் ஜீவனாம்சத்தில் இத்தனை பங்கு என்று பேசுவது விதிப்படி தடை செய்யப்பட்டது. 'ஜீவனாம்சத்தில் பத்து சதவீதம் கொடுத்தால் போதும், முன்பணம் வேண்டாம்' என்பது சலுகைபோல் தோன்றும், அது ஒழுங்கீனம். கட்டண பாக்கியைக் காட்டி வழக்குக் கட்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்ள வழக்குரைஞருக்கு உரிமை இல்லை என 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஊர் மாறவோ வழக்குரைஞரை மாற்றவோ விரும்புவோர் அறிந்திருக்க வேண்டிய தீர்ப்பு இது.

2024 மே மாதம் வந்த இன்னொரு தீர்ப்பு இதற்கு நேர்மாறான திசையில் செல்கிறது. வழக்குரைஞரின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என நீதிபதிகள் பெலா திரிவேதி, பங்கஜ் மித்தல் அமர்வு கூறிவிட்டது. வாய்தாவுக்கு வராமல் வழக்கைக் கெடுத்தவர் மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுக முடியாது. தீவுவாசிக்கு எஞ்சுவது கடலுக்கு அப்பால் உள்ள பார் கவுன்சிலும், நீண்ட சிவில் வழக்கும்தான். ஆகவே பணம் கொடுக்கும் முன்பே பேசி எழுதிக்கொள்வது தவிர வேறு காப்பு இல்லை.

எதை எழுதிக்கொள்வது? மனு வரைவதற்கும் தாக்கல் செய்வதற்கும் எவ்வளவு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் தனியாகவா அல்லது முழு வழக்குக்கும் சேர்த்தா, வழக்கு ஒத்திவைக்கப்படும் நாளுக்கும் கட்டணம் உண்டா, இடைக்கால ஜீவனாம்ச மனுவும் குழந்தை யாரிடம் இருப்பது என்ற மனுவும் இதில் அடக்கமா, சான்றிட்ட நகல், நோட்டீஸ், மொழிபெயர்ப்பு யார் செலவு, மேல்முறையீடு இதில் சேருமா என்பவைதான் கேள்விகள். மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பின் மீது உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 90 நாள் அவகாசம் உண்டு. அது புதிய வழக்குபோல் புதிய செலவு. கொடுக்கும் பணத்துக்கு ரசீது கேட்பதை அவமரியாதை என்று கருதும் வழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. கேட்காமல் விட்டதால் நேரும் தகராறுகள் அதைவிட அவமரியாதையானவை.

எதிர்த்தரப்பின் பணம்: வழக்குச் செலவைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் மறக்கப்படுவது இந்து திருமணச் சட்டத்தின் 24-வது பிரிவு. போதிய தனி வருமானம் இல்லாத துணைவர், வழக்கு நடக்கும் காலத்துக்கான பராமரிப்பை மட்டுமல்ல, வழக்கு நடத்தும் செலவையும் மறுதரப்பிடமிருந்து கோரலாம். மனைவிக்கு மட்டுமான உரிமையல்ல இது. வருமானமற்ற கணவரும் கேட்கலாம். நோட்டீஸ் கிடைத்த 60 நாள்களுக்குள் இதை இயன்றவரை முடிக்க வேண்டும் என்று 2001-இல் திருத்தப்பட்டது. 2020 நவம்பரில் நீதிபதிகள் இந்து மல்ஹோத்ரா, சுபாஷ் ரெட்டி அமர்வு, இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம் பற்றிய பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்வதைக் கட்டாயமாக்கியது. பராமரிப்புத் தொகை மனு செய்த நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும் என்றும் கூறியது. கடல் கடந்து வரவேண்டிய பெண்ணின் பயணச் செலவை இந்த மனுவிலேயே கேட்கலாம். வழக்கு தொடங்கி ஓராண்டு கழித்து நினைவுக்கு வரும் மனுவாக இது இருக்கக் கூடாது.

அதைவிட எளிய வழியும் உண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி, பெண் என்ற ஒரே தகுதி போதும். வருமானம் எவ்வளவாயினும் இலவச வழக்குரைஞரைப் பெற உரிமை உண்டு. தேசிய ஆணையத்தின் 15100 என்ற கட்டணமில்லா எண்ணில் தொடங்கலாம். தில்லியில் இடமாற்ற மனுவுக்கு உச்ச நீதிமன்றச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. ஆக, மேலே சொன்ன மூன்று வழக்குரைஞர்களையும் ஒரு பெண் இலவசமாகவே பெற முடியும். ஆண்களுக்கு வருமான வரம்பு முதலான நிபந்தனைகள் பொருந்தும். பட்டியல் சாதியினருக்கும் இச்சட்டம் வரம்பின்றி உதவுகிறது. ஆனால் அந்தமான் நிக்கோபாரில் பட்டியல் சாதி என எதுவும் அறிவிக்கப்படவில்லை. ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதித் தகுதி இன்னொரு மாநிலத்துக்குத் தானாக வராது என்ற நிலையில், தமிழகத்திலிருந்து சென்று குடியேறிய தலித் ஆண்களுக்கு அந்த வாசல் எளிதில் திறப்பதில்லை.

இருவரும் ஒத்துக்கொண்டால் செலவு வெகுவாகக் குறையும். ஓராண்டு பிரிந்து வாழ்ந்தபின் 13-பி பிரிவின்படி கூட்டு மனு. ஆறு மாதம் கழித்து உறுதிப்படுத்தல். தகுந்த வழக்குகளில் இந்த ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யலாம் என 2017 செப்டம்பரில் நீதிபதிகள் ஏ.கே. கோயல், யு.யு. லலித் அமர்வு தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பின் இன்னொரு வரி தீவுவாசிகளுக்குப் பொன் போன்றது: நேரில் வர இயலாத தகுந்த காரணம் இருந்தால் காணொலி வழியாகவோ, பெற்றோர், உடன்பிறந்தோர் போன்ற நெருங்கிய உறவினர் மூலமாகவோ முன்னிலையாக நீதிமன்றம் அனுமதிக்கலாம்.

செலவுக்கு அஞ்சி, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத் தாளில் விடுதலைப் பத்திரம் எழுதிப் பிரிந்துவிடுவோரும் உண்டு. சமூக வழக்காறு ஒன்றை நீதிமன்றத்தில் நிரூபிக்க முடிந்தால் ஒழிய அந்தத் தாள் திருமணத்தை முறிக்காது. அதை நம்பி மறுமணம் செய்பவர் இருதார மணக் குற்றத்துக்கு ஆளாகலாம். மறுமணம் புரிந்த பெண்ணின் ஓய்வூதிய, வாரிசு உரிமைகள் கேள்விக்குள்ளாகும். லோக் அதாலத்திலும் ஜீவனாம்சத் தகராறு தீரலாமே தவிர, விவாகரத்து அங்கே எடுத்துக்கொள்ளப்படுவதில்லை.

கடலடிக் கம்பி: 2020 ஆகஸ்ட் 10-இல் பிரதமர் நரேந்திர மோடி தொடங்கி வைத்த சென்னை - அந்தமான் கடலடிக் கண்ணாடியிழைக் கம்பி சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுடையது. 1,224 கோடி ரூபாய் செலவில் போடப்பட்ட அது ஸ்ரீ விஜயபுரத்தோடு ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகியவற்றையும் இணைக்கிறது. சாட்சிக்கூண்டைத் தீவுக்கும் தமிழகத்துக்கும் இடையே கொண்டுசெல்ல இதைவிட வேறு கருவி வேண்டியதில்லை.

தடை இருப்பது தீர்ப்பில். 2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், மணவழக்குகளை இடம் மாற்றுவதற்குப் பதிலாகக் காணொலி விசாரணையைப் பயன்படுத்தலாம் என்றது. அதே ஆண்டு அக்டோபரில் அன்றைய தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு, இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதைத் திருத்தியது. சமரச முயற்சி தோற்றபின், இரு தரப்பும் சம்மதித்தால் மட்டுமே காணொலி என்பது அந்தத் தீர்ப்பு. மாறுபட்டு எழுதியவர் டி.ஒய். சந்திரசூட். மூடிய அறையில் நேருக்கு நேர் பேசினால் சமரசம் பிறக்கும், பெண்ணின் அந்தரங்கம் காக்கப்படும் என்ற பெரும்பான்மையின் கவலை பொருளற்றதல்ல. ஆனால் அலைக்கழிப்பதையே ஆயுதமாகக் கொண்ட ஒருவர் ஏன் சம்மதிக்கப் போகிறார்? கரோனா காலத்துக்குப் பின் நீதிமன்றங்கள் காணொலிக்குப் பழகிவிட்டன. காணொலி வசதியை உயர் நீதிமன்றங்கள் மறுக்கக் கூடாது என 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே கூறியது. தீவுகளைப் பொறுத்தமட்டிலேனும் 2017-ஆம் ஆண்டின் சம்மத நிபந்தனையை மறு ஆய்வு செய்ய இந்த மாற்றமே போதிய காரணம்.

நாடாளுமன்றமும் இதில் கைகழுவ முடியாது. மீட்க இயலாத அளவுக்கு முறிந்துபோன திருமணத்தை விவாகரத்துக்கான தனிக் காரணமாக்க வேண்டும் என்று சட்ட ஆணையம் 1978-லும் 2009-லும் பரிந்துரைத்தது. 2010-இல் அறிமுகமான திருமணச் சட்டத் திருத்த மசோதாவை 2013 ஆகஸ்டில் மாநிலங்களவை நிறைவேற்றியது; மக்களவை எடுத்துக்கொள்ளாததால் 2014-இல் அது காலாவதியானது. அந்த மசோதா சட்டமாகியிருந்தால் ஸ்ரீ விஜயபுரத்தின் மாவட்ட நீதிபதியே, ஆண்டுக்கணக்கில் பிரிந்து வாழும் தம்பதிக்குக் கொடுமை, கைவிடல் என்று குற்றச்சாட்டுகளை அடுக்காமல் விடுதலை தந்திருக்க முடியும்.

அந்த வெற்றிடத்தை 2023 மே 1-இல் நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல் தலைமையிலான ஐவர் அரசியல் சாசன அமர்வு ஓரளவு நிரப்பியது. அரசியல் சாசனத்தின் 142-வது பிரிவின்படி, முறிந்துபோன திருமணங்களை உச்ச நீதிமன்றம் நேரடியாகக் கலைக்கலாம் என்றது அது. ஆனால் அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே. அதைக் கேட்டு நேரடியாக ரிட் மனுவும் போட முடியாது. வேறொரு வழக்கின் வழியாக அங்கே வந்து சேர்ந்தாக வேண்டும். இடம் மாற்றக் கோரி வந்து, சமரச மையத்துக்கு அனுப்பப்பட்டு, கணக்கு முடிந்து, அங்கேயே விவாகரத்துப் பெற்றுத் திரும்பும் தம்பதிகள் இதனால்தான் தில்லியில் பெருகியிருக்கின்றனர். திக்லிபூர்த் தம்பதிக்கும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. முதலில் உச்ச நீதிமன்றத்திலிருந்து 16 கிலோமீட்டருக்குள் அலுவலகம் வைத்திருக்கும் வழக்குரைஞர் ஒருவரைக் கண்டுபிடிக்க வேண்டும்.